வாரமும் தரிசும்: பாரமகால் நிலவரியின் பொருளியல் முற்கோள்கள், வத்தல்மலையை முன்வைத்து

பொருளியலின் அடிப்படைக் கருத்தாக்கங்கள் ஐரோப்பாவில் உருப்பெற்றுப் பின்னர் இந்திய நிர்வாகத்துக்குள் வந்தன எனக் கொள்வது வழக்கம். தருமபுரிப் பகுதியின் வரலாறு அவ்வரிசையை ஓரளவு மாற்றிக் காட்டுகிறது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அங்கு அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளரான தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, இடைத்தரகரின்றிக் குடியானவரிடமே வரி தண்டும் முறையை உருவாக்கினர். பின்னர் ரயத்துவாரி எனப்பட்டது இதுவே. வாரக் கோட்பாட்டை விளக்கும் ரிக்கார்டோவின் நூலோ 1817இல்தான் வெளிவந்தது.

1819இல் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் பணியேற்ற ஜேம்ஸ் மில், அக்கோட்பாட்டைக் கொண்டு நிலவரிக்கு நியாயம் கற்பித்தார். கூலியும் முதலுக்குரிய வழக்கமான ஆதாயமும் போக எஞ்சுவது வாரம். அதனை அரசு எடுத்துக்கொள்வதால் உற்பத்தி குன்றாது என்பது அவர் வாதம். இது இயல்புரையாகத் தோன்றினும், எஞ்சுவது உழுதவருக்கு உரியதன்று என்னும் நெறியுரையையும் உடன் கொண்டுள்ளது. எஞ்சுவதை அளப்பதும் எளிதாக இல்லை. 1820களில் புனே பகுதியில் பிரிங்கிள் நிகர விளைவைக் கணக்கிட்டு வரி விதிக்க முயன்றார். அத்திட்டம் தோல்வியுற்றுக் கைவிடப்பட்டது. மன்றோ முன்னரே எச்சரிக்கை காட்டியவர். கடப்பை, பெல்லாரிப் பகுதிகளை நிர்வகித்த பின் 1807இல் அளித்த அறிக்கையில், வரியை நிலைப்படுத்த வேண்டுமாயின் மதிப்பிட்ட தொகையில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்றார். கோட்பாட்டாளரைவிட நிர்வாகி தம் எண்களைக் குறைவாக நம்பினார் என்றே கொள்ளவேண்டும்.

மலையில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. தருமபுரியை அடுத்த வத்தல்மலை, மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலை. இன்று காபியும் மிளகும் அங்கிருந்து சந்தைக்கு வருகின்றன. சாமை, கேழ்வரகு போன்ற பயிர்களோ பெரிதும் வீட்டு உணவுக்கானவை. விற்கப்படாத சாமைக்கு எந்த விலையை இடுவது? ஒரு குடும்பமே சேர்ந்து களையெடுத்த நாள்களுக்கு எவ்வளவு கூலியைக் கழிப்பது? நிகர விளைவு என்னும் கருத்து இவ்விரண்டுக்கும் விடை உண்டு என முன்னரே கொண்டுவிடுகிறது.

தரிசின் நிலை இதனினும் அடிப்படையானது. பழைய சேலம் மாவட்ட மலைகளில், சில ஆண்டுகள் பயிரிட்ட புனத்தை ஆறவிட்டு வேறோரிடத்தைத் திருத்தும் வழக்கம் இருந்தது. ஆறும் நிலம் அவ்வேளாண்மையின் ஓர் உறுப்பு. ஆண்டுதோறும் விளைவை நோக்கும் கணக்கிலோ அது உரிமையாளரற்ற வெற்றிடம். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம், அரசின் கைவசமுள்ளவையாகக் கருதப்பட்ட நிலங்களைக் காப்புக்காடாக அறிவிக்க வழிசெய்தது. உரிமை கோருவோர் குறித்த காலத்துக்குள் அலுவலர்முன் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பட்டாவில் ஏறாத பயன்பாட்டை எதைக் காட்டி மெய்ப்பிப்பது?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அதற்கென 2008இல் வெளிவந்த விதிகளும் இவ்விடத்தில் சான்றின் இலக்கணத்தையே மாற்றின. கிராம சபை உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று ஆராய்கிறது. கோருவோர் அல்லாத முதியோரின் வாய்மொழி எழுத்தில் பதிவு செய்யப்பட்டால் சான்றாகிறது.