பிள்ளை விளையாட்டும் பெற்றோர் அறிவும்

பிள்ளைகள் விளையாடுகின்றனர் என்பதை அறியாத பெற்றோர் இலர். ஆயின், அவர்கள் எங்கே விளையாடுகின்றனர், யாருடன் விளையாடுகின்றனர், அவ்விளையாட்டால் உயிருக்கு ஊறு நேருமோ நேராதோ என்பவற்றை முற்றும் அறிந்த பெற்றோர் எக்காலத்திலேனும் இருந்தனரா? "எங்கள் காலத்தில் மரம் ஏறினோம், கிணற்றில் குதித்தோம், யாரும் தடுக்கவில்லை" என்று முதியோர் பெருமையுடன் கூறுவர். "அக்காலம் வேறு, இக்காலம் வேறு" என்று இளைய பெற்றோர் விடையளிப்பர். இரு கூற்றிலும் உண்மை உண்டு; ஆயினும் எதுவும் முழு உண்மை அன்று. வரலாற்றைத் துணையாகக் கொண்டு இவ்வழக்கை ஆராய்வோம்.

நம் இலக்கியத்தில் பிள்ளை விளையாட்டைப் பற்றிய செய்திகள் இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகின்றன. ஒன்று பெரியோர் கண்டு கூறியது. மற்றொன்று பிள்ளையாய் இருந்தவரே பிற்காலத்தில் நினைந்து கூறியது. முன்னதற்குப் பிள்ளைத்தமிழ் சான்றாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் தொடங்கி இவ்வகை நூல்கள் பல தோன்றின. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதி மூன்றும் விளையாட்டைப் பற்றியன. சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பன அவை. மூன்றும் இனியவை, மூன்றும் முற்றத்திலும் தெருவிலும் தாயின் கண்ணெதிரே நிகழத்தக்கவை. அந்நூல்களின் பிள்ளை உயர்ந்த மரக்கிளையில் தொங்குவதில்லை. வீட்டார் கண்ட பிள்ளை அவ்வளவே.

பின்னதற்குப் புறநானூற்றின் 243-ஆம் பாட்டு தலைசிறந்த சான்று. உ. வே. சாமிநாதையர் 1894-இல் அந்நூலைப் பதிப்பித்ததனால் அது தமிழுலகிற்கு மீண்டும் கிடைத்தது. இப்பாட்டைப் பாடிய புலவர், அதில் வரும் ஊன்றுகோலின் பெயராலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கப்பெறுகிறார். கோல் ஊன்றி நடுங்கி நின்று, இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல முதியவர் அவர். மணற்பாவைக்குப் பூச்சூட்டிய சிறுமியரோடு கைகோத்து நீராடியதையும், ஒளிவுமறைவு அறியாத தோழரோடு திரிந்ததையும், நீரை நோக்கித் தாழ்ந்த மருத மரக்கிளையில் ஏறி, ஆழ்ந்த மடுவில் பாய்ந்து, அடியில் கிடந்த மணலை அள்ளி வந்து காட்டியதையும் எண்ணி அவர் ஏங்குகிறார்.

நார்வே நாட்டு ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர் 2007-இல் பிள்ளைகளின் இடர் விளையாட்டை ஆறு வகையாகப் பகுத்தார். உயரத்தில் ஏறுதல், மிகு விரைவில் ஓடுதல், கூரிய கருவிகளைக் கையாளுதல், நீர் நெருப்பு போன்றவற்றின் அருகே ஆடுதல், கட்டிப்புரண்டு பொருதல், பெரியோர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் தனித்துத் திரிதல் என்பன அவ்வாறு வகைகள். உயரமும் நீரும் ஒருங்கே நம் பழம்பாட்டில் உள்ளன. ஆறாம் வகையோ அதில் இல்லை. பாட்டில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. ஆயினும் கரையில் மக்கள் நிற்கின்றனர். பிள்ளைகள் குதிப்பதைக் கண்டு அவர்கள் மருளுகின்றனர். நீர்த்துளி எழுந்து தெறிக்கின்றது. பெற்றோர் அறிந்திலர் ஆயினும் ஊர் அறிந்திருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இக்'கரையில் நின்றவரே' நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல் ஆவர்.

பெரியோர் குறித்து வைக்காததைப் பிள்ளைகளிடமே கேட்டு எழுதும் முயற்சி மிகவும் பிற்பட்டது. தேவநேயப் பாவாணர் 1954-இல் வெளியிட்ட 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்னும் நூலில், பகலில் ஆடுவன, இரவில் ஆடுவன என்று ஆட்டங்கள் பிரித்துக் கூறப்பெற்றுள்ளன. நிலவொளியில் தெருவெல்லாம் பிள்ளைகளுக்கு உரியதாய் இருந்த ஒரு காலத்தை அப்பிரிவே நமக்கு உணர்த்துகின்றது. இங்கிலாந்தில் அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி என்னும் தம்பதியர் பல்லாயிரம் பிள்ளைகளிடம் கேட்டறிந்து 1969-இல் வெளியிட்ட நூலில், துணிவைச் சோதிக்கும் ஆட்டங்களுக்கு என்றே ஒரு தனிப் பகுதி அமைந்துள்ளது. எந்நாட்டிலும் பிள்ளைகள் அஞ்சத்தக்கதைத் தேடிச் செல்கின்றனர் என்பது இதனால் விளங்கும்.

இனி நாம் அறிந்த ஒரு நிலப்பகுதியைக் காண்போம். ஆந்திர மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், தமிழ்நாடும் கருநாடகமும் நெருங்கும் இடத்தில், சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இராமகுப்பம் உள்ளது. அம்மாவட்டம் 1953 வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் நாடு அது. பிள்ளை விளையாட்டுக்கு அங்கே மொழியெல்லை இருந்ததில்லை. தமிழ்ப் பிள்ளை கிட்டிப்புள் என்பதைத் தெலுங்குப் பிள்ளை பில்லங்கோடு என்னும். மரத்திற்கு மரம் தாவி, தொடவருபவனை ஏய்க்கும் ஆட்டத்திற்குத் தெலுங்கில் கோதி கொம்மச்சி என்று பெயர். கோதி என்றால் குரங்கு. பெயரே அவ்வாட்டத்தின் இடரை எடுத்துரைக்கின்றது. புள் தெறித்துக் கண்ணிற் படுவதும், கிளை முறிந்து கை ஒடிவதும் அவ்வாட்டங்களோடு உடன்பிறந்தவை.

அவ்வட்டாரத்தின் நீர்நிலைகள் ஏரியும் கிணறுமே. நந்தி மலையில் தோன்றும் பாலாறு குப்பம் பகுதியின் வழியே சென்று தமிழ்நாட்டில் புகுகின்றது எனினும், ஆண்டின் பெரும்பகுதி அது மணலாறே. தமிழில் கவலை என்றும் தெலுங்கில் கபில என்றும் வழங்கும் மாட்டு இறைவை இருந்த காலத்தில், வயற்கிணறே பிள்ளைகளின் நீச்சற்பள்ளி. காய்ந்த சுரைக்குடுக்கையையோ வாழைமரத் துண்டையோ உடலோடு கட்டி, மூத்தவன் இளையவனை நீரில் இறக்குவான். ஆழம் அறிந்தவன் முதலில் குதிப்பான். அறியாதவன் படியில் அமர்ந்து காண்பான். இவ்வொழுங்கை எந்தத் தந்தையும் வகுக்கவில்லை. பிள்ளைகளே வழிவழியாகக் காத்து வந்தனர்.

தாய் இதனை அறிவாளா? "எங்கே போனாய்?" என்று அவள் கேட்டால் பிள்ளை உண்மை கூறியிராது. ஆனால் ஈரத்தலையும் சிவந்த கண்ணும் செய்தியைச் சொல்லிவிடும். கிணற்றடியில் மாடு ஓட்டியவர் மாலையில் தந்தையைக் கண்டு, "உன் மகன் இன்று மேட்டிலிருந்து குதித்தான்" என்பார். ஆகவே அக்காலப் பெற்றோர் அறிந்தது சிறிது. அறிந்தும் அறியாதார் போல் இருந்தது பெரிது. அவர்கள் கவலையற்று இருக்கவில்லை. தம் கவலையை ஊரோடு பகிர்ந்துகொண்டிருந்தனர். எனினும் அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்றுவதும் பொருந்தாது. கிணற்றில் மாண்ட பிள்ளைகள் அன்றும் உண்டு. மாண்டவர் பின்னாளில் வந்து தம் இளமைத் துணிவைப் பெருமையாகப் பேசுவதில்லை. பிழைத்தவர் சொல்லே நம் செவிக்கு எட்டுகின்றது. முதியோர் நினைவைச் சான்றாகக் கொள்ளும்போது இதனை மறத்தல் ஆகாது.

பின்னர் நிகழ்ந்த மாற்றம் என்ன? மின்விசைப் பொறி வந்தது. அதன்பின் ஆழ்துளைக் கிணறு வந்தது. நிலத்தடி நீர் இறங்கிற்று. திறந்த கிணறுகள் வறண்டன. கிணறு வறண்டபோது நீர் மட்டும் போகவில்லை. நீச்சற்பள்ளி போயிற்று, கிணற்றடியில் நின்ற மனிதரும் போயினர். நாள்தோறும் விடியுமுன் குப்பத்தில் புகைவண்டி ஏறிப் பெங்களூருக்குக் கூலிவேலைக்குச் சென்று இரவில் மீளுவோர் அப்பகுதியில் ஏராளம். அத்தகையோர் வீட்டுப் பிள்ளைக்குப் பகற்பொழுதில் பாட்டியே காவல். வெளியே ஓடும் பிள்ளையைப் பின்தொடரப் பாட்டியின் கால்கள் இடங்கொடுப்பதில்லை.

இம்மாற்றம் ஓரூருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 80 பேர் 1971-இல் பெரியோர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றனர். 1990-இல் நூற்றுக்கு 9 பேரே அவ்வாறு சென்றனர் என்று மேயர் ஹில்மனும் அவர் குழுவினரும் கண்டறிந்தனர். சாலை விபத்தில் மாளும் பிள்ளைகள் அக்காலத்தில் குறைந்தனர். ஆயின் சாலை பாதுகாப்பானது ஆனதனால் அன்று, பிள்ளைகள் சாலையிலிருந்து அகற்றப்பட்டதனாலேயே குறைந்தனர் என்பது அவர்கள் முடிபு.

இடரின் இயல்பும் மாறிற்று. இராமகுப்பத்தை அடுத்த காடுகளுக்கு 1980-களில் யானைகள் திரும்பி வந்தன. 1990-இல் கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. பழம் பறிக்கப் பிள்ளைகள் சென்ற காட்டுவழி யானைவழி ஆயிற்று. எனினும் யானை வந்தால் ஊரே பேசும். பிள்ளைக்கு முன்னெச்சரிக்கை கிடைக்கும். மூடாது கைவிட்ட ஆழ்துளைக் கிணறோ பேசுவதில்லை. மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபர் 25 அன்று, வீட்டருகே விளையாடிய இரண்டு வயதுக் குழந்தை அத்தகைய குழியில் விழுந்தது. நான்கு நாள் போராட்டத்திற்குப் பின் உயிரற்ற உடலையே மீட்க இயன்றது. பயனற்ற துளைகளை மூடவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2010-இலேயே நெறிமுறை வகுத்திருந்தது. அக்குழந்தை துணிவைக் காட்ட எங்கும் ஏறவில்லை, எதிலும் பாயவில்லை. பழைய இடர் கண்ணுக்குத் தெரிந்தது. பிள்ளை அதனை அளந்து பார்த்தே அணுகிற்று. புதிய இடர் மறைந்து கிடப்பது. அதனை அளப்பது பிள்ளையின் கடனன்று, பெரியோர் கடன்.

இப்பொழுது வறண்ட அந்நிலத்திற்கு மீண்டும் நீர் வருகின்றது. ஹந்திரி-நீவா திட்டத்தைச் சேர்ந்த குப்பம் கிளைக் கால்வாயின் வழியே 2025 ஆகஸ்டில் கிருஷ்ணை நீர் அங்கே வந்து சேர்ந்தது. உழவர்க்கு அது பெருமகிழ்ச்சி. ஆயின் அக்கால்வாயை எதிர்கொள்ளும் பிள்ளைகள் யாவர்? கிணறு வறண்ட பின் பிறந்தவர், நீச்சல் கற்றிலாதவர். படியுள்ள கிணற்றில் நின்ற நீர் வேறு. கால்வாயில் விரைந்தோடும் நீர் வேறு. சிமென்டு பூசிய சரிவில் கால் வழுக்கின், பற்றி ஏற வேரும் இல்லை, படியும் இல்லை. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்னும் பழமொழி உண்டு. ஆழத்தை அறிவிக்க மூத்தவன் இல்லாவிடின் பழமொழி என்செய்யும்?

உலகில் 2021-இல் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்றும், அவர்களுள் கால்பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. நம் நாட்டிலும் ஆண்டுதோறும் மூழ்கி இறப்போர் தொகை முப்பதாயிரத்திற்கு மேற்பட்டதே. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021-இல் சூலை 25-ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. இதற்குக் கூறப்படும் வழிகள் எளியவை. பள்ளி செல்லா இளங்குழந்தைகளைப் பகலில் காக்க ஊர்தோறும் ஓரிடம் அமைத்தல் ஒன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீரில் தற்காப்பும் கற்பித்தல் மற்றொன்று. வங்காள தேசத்துச் சிற்றூர்களில் இவ்விரண்டும் நடைமுறைக்கு வந்து நற்பயன் அளித்துள்ளன. ஆராய்ந்து பார்ப்பின், இவை கரையில் நின்ற பெரியோரையும் குடுக்கை கட்டிய மூத்தவனையும் வேறு வடிவில் மீட்டுக் கொணரும் முயற்சிகளே.

அன்பர்களே, வெளிமாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இச்செய்தி சிறப்பாக உரியது. தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடி வீட்டில் வளரும் நம் பிள்ளைகள், கோடை விடுமுறையில் தாத்தா பாட்டி ஊருக்குச் செல்கின்றனர். மாமன் மகனும் அத்தை மகளும் ஏரிக்கு அழைக்கின்றனர். ஊர்ப்பிள்ளை நீரை அறியும். நம் பிள்ளை அறியாது. எனினும் அறியேன் என்று சொல்ல அதற்கு வெட்கம். நம் நினைவில் உள்ள ஏரியும் இன்றுள்ள ஏரியும் ஒன்றல்ல. மண் அள்ளிய பள்ளங்கள் நீரின் அடியில் மறைந்துள்ளன. நாம் இளமையில் நீந்தினோம் என்பது நம் பிள்ளைக்குக் காப்பு ஆகாது. ஊருக்கு அனுப்புமுன் நீச்சல் கற்பித்தலும், எந்தத் துறை ஆழமானது என்று ஊராரைக் கேட்டறிதலும், உடன்செல்ல ஒரு பெரியவரை வேண்டிக்கொள்ளுதலும் நம் கடமை. அக்கடமையில் ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்னும் வேறுபாடு கூடாது. புறநானூற்றுப் பொய்கையில் இருபாலாரும் கைகோத்தே நீராடினர் அல்லரோ?

அரசு ஆவணங்களை மொழிபெயர்க்கும் பணியில், கண்காணிப்பு என்னும் சொல்லை நாம் நாளும் எழுதுகிறோம். இன்று அச்சொல்லுக்கு அதிகாரத்தின் சாயல் ஏறியுள்ளது. ஆயினும் கண்கொண்டு காத்தலும் அதனுள் அடங்கும். பிள்ளையின் ஒவ்வோர் அடியையும் அறிந்துவிட வேண்டும் என்று முயலும் பெற்றோர் தோற்பர். முற்றும் அறியாதிருத்தலே நன்று என்று வாளா இருப்போர் பேரிழப்புக்கு ஆளாவர். பிள்ளை சிறிது உயரம் ஏறட்டும். சிறிது ஆழம் மூழ்கட்டும். முழங்கால் காயம் ஆறிவிடும். செய்ததை வந்து அஞ்சாமல் சொல்லும் இடமாக நம் வீடு இருக்கட்டும். சொன்னவுடன் அடி விழும் வீட்டில் பிள்ளை மறுமுறை சொல்லாது. மூடவேண்டிய குழியை நாம் மூடுவோம்; கற்பிக்க வேண்டிய நீச்சலைக் கற்பிப்போம்; பிறர் பிள்ளை நீரில் இறங்கும்போதும் நின்று நோக்குவோம். பழந்தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாய்த்த கரையும், அக்கரையில் மனிதரும் நம் பிள்ளைகளுக்கும் வாய்ப்பாராக.