பச்சைச் சுக்கினியும் அம்மாவின் நாக்கும்

போன ஞாயிறு ஆபீஸ் ஆணி எதுவும் இல்லை. புனே மார்க்கெட்டில் தளதளவென்று இருந்த ரெண்டு வெள்ளரிக்காயை வாங்கி வந்தேன். பையைப் பிரித்த தங்கமணி, "இது வெள்ளரி இல்லைங்க, சுக்கினி" என்று என் மானத்தை வாங்கினார். சரி, வாங்கியது வாங்கியாச்சு, பச்சையாகவே சாலட் செய்துவிடுவோம் என்று களத்தில் இறங்கினேன்.

அப்போது பார்த்து ஊரிலிருந்து அம்மா போன். "ஏங் கண்ணு, பச்சையாவா திங்கப்போற? காம்புப் பக்கம் ஒரு துண்டு வாயில போட்டுப் பாத்தியா?"

"அம்மா, இது இத்தாலிக் காய்மா."

"எந்த ஊர்க் காயா இருந்தா என்ன, கசந்தா தூக்கிப் போடு."

சிரித்துவிட்டேன். ராத்திரி உட்கார்ந்து இந்தக் காயின் பூர்வீகத்தைத் தேடிப் படித்த பிறகுதான் சிரித்தது தப்பு என்று தெரிந்தது.

முதலில், இது இத்தாலிக் காயே இல்லை. மெக்சிகோவில் ஒஹாகா பகுதியில் கிலா நகிட்ஸ் என்று ஒரு குகை. அங்கே கிடைத்த இந்த இனத்து விதைகளுக்கு வயது சுமார் 10,000 வருஷம் என்று ப்ரூஸ் ஸ்மித் என்ற ஆய்வாளர் 1997ல் எழுதினார். மக்காச்சோளத்துக்கும் முன்பே மனுஷன் பயிர் செய்த காய்! ஆனால் இதன் காட்டு மூதாதை வாயில் வைக்க முடியாத கசப்பு. குகர்பிடாசின் என்ற விஷப்பொருள்தான் காரணம். மாஸ்டோடான் போன்ற பெரிய மிருகங்கள்தான் அதைத் தின்றன. மனுஷன் அனேகமாக விதைக்காகவும் குடுவைக்காகவும்தான் முதலில் வளர்த்திருப்பான். கசக்காத காயின் விதையை எடுத்து வைத்து, கசந்ததை எறிந்து, தலைமுறை தலைமுறையாக ருசி பார்த்தே கசப்பை விரட்டியிருக்கிறார்கள்.

1492ல் கொலம்பஸ் போய் வந்த பிறகு இந்த இனம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. இத்தாலியில் அதற்கு முன்பே 'ட்ஸுக்கா' என்றால் நம்ம சுரைக்காய். புதுசாக வந்ததற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிலான் பக்கம், பிஞ்சிலேயே பறிக்கும் நீள ரகம் உருவானது. சின்ன ட்ஸுக்கா, அதாவது சுக்கினி. நம்ம ஊருக்கு வந்த இதன் பங்காளிக்கோ 'பரங்கி'க்காய் என்று பெயர். பரங்கிமலையில் இருக்கும் அதே பரங்கி, வெள்ளைக்காரன்தான் :-)

இப்போது அம்மா விஷயத்துக்கு வருகிறேன். விரட்டிய கசப்பு சில சமயம் திரும்பி வரும். அழகுக்கு வளர்க்கும் கசப்புப் பூசணியோடு மகரந்தம் கலந்து, அந்த விதையைப் போட்டால் விளையும் காயில் விஷம் ஏறலாம். 2015ல் ஜெர்மனியில் தோட்டத்துச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட ஒரு முதியவர் இறந்தே போனார். வேகவைத்தாலும் இந்த விஷம் போகாது. நம்ம நாட்டிலும் கசந்த சுரைக்காய் ஜூஸைக் குடித்துச் சிலர் இறந்திருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழுவை வைத்து ஆராய்ந்தது. 2012ல் வெளியான அதன் அறிக்கை சொன்னதும் இதைத்தான்: முதலில் ஒரு துண்டு ருசித்துப் பாருங்கள், கசந்தால் கொட்டிவிடுங்கள்.

அம்மா அந்த அறிக்கையைப் படித்ததில்லை. அவருக்கு அவர் அம்மா சொன்னது. பீர்க்கையோ சுரையோ வெள்ளரியோ, அடுப்பேறும் முன் ஒரு துண்டு அவர் வாய்க்குப் போகாமல் இருந்ததில்லை. திருட்டுத்தனமாகக் காய் தின்கிறார் என்று சின்ன வயசில் நினைத்திருக்கிறேன்!

சரி, சாலட். தோல் சீவ வேண்டாம், கழுவினால் போதும். ஒரு துண்டு ருசி பாருங்கள். சிப்ஸ் சீவுகிற கட்டையில் மெல்லிசாகச் சீவி, உப்புப் போட்டுப் பத்து நிமிஷம் வைத்தால் தண்ணீர் விடும். பிழிந்துவிட்டு எலுமிச்சை, மிளகுத்தூள், புதினா, ஆலிவ் எண்ணெய். உடனே சாப்பிட வேண்டும், வைத்தால் சொதசொதவென்று ஆகிவிடும். மீதி ஒரு காயில் தங்கமணி ஊறவைத்த பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டு, கடுகு தாளித்துக் கோசுமல்லி ஆக்கிவிட்டார். உண்மையைச் சொன்னால் அதுதான் முதலில் காலியானது.

மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டு, "நீங்க சொன்னது சரிதாம்மா" என்றேன்.

"எது கண்ணு?" என்றார். அவருக்கு அது ஞாபகமே இல்லை.