256க்குள் அடங்காத சிவப்பு

கோவளத்தில் விடியற்காலை, கடலுக்கு மேலே சூரியன் எழும்பும் நேரத்தில் போனை நீட்டாதவர்கள் குறைவு. ஆனால் கண் பார்த்த செக்கச்செவேல் படத்தில் சாயம் போனதுபோல் வரும். பழி கேமரா மேல் விழும். எப்போதும் அது கேமராவின் குற்றமில்லை. பல சமயம், படத்தைக் காட்டும் செயலிக்கே அப்படியொரு சிவப்பு இருப்பது தெரியாது!

கதை 1996ல் ஆரம்பிக்கிறது. ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபி என்ற நிற அளவுகோலை முன்வைத்தன. அந்தக் காலத்துக் குண்டு மானிட்டர் எவ்வளவு காட்டுமோ, அதுதான் எல்லை. 1999ல் அது சர்வதேசத் தரமானது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். மொத்தம் 1,67,77,216 நிறங்கள். கேட்கப் பிரமாண்டம்தான், ஆனால் எல்லாம் ஒரே வேலிக்குள்.

வேலியைத் தாண்டியது சினிமா. ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் டிசிஐ அமைப்பு 2005ல் வெளியிட்ட டிஜிட்டல் சினிமா விதிகளில் பி3 என்ற பெரிய நிறப் பரப்பு வந்தது. (தியேட்டர் திரையில் 'க்யூப்' என்று பெயர் பார்த்திருப்பீர்கள். டிஜிட்டல் சினிமாக் கருவிகள் செய்யும் அந்த நிறுவனம் நம்ம சென்னைதான்.) அதே பி3 2016ல் ஐபோன் 7 திரைக்கு வந்தது. அடுத்த வருடம் ஆண்ட்ராய்டு 8ம் அகன்ற நிறங்களை ஏற்றது.

திரை தயார். செயலிகள்?

ஒரே நிரலில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் செயலி எழுத கூகுள் கொடுத்த ஃபிளட்டரின் முதல் முழுப் பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது. அதில் ஒரு நிறம் என்பது வெறும் 32 பிட் முழு எண். சிக்கனம், வேகம். ஆனால் பி3யின் சுத்தச் சிவப்பைப் பழைய அளவுகோலில் எழுதினால் சிவப்பு 1.09, பச்சை -0.23, நீலம் -0.15 என்று வரும். ஒன்றைத் தாண்டுகிறது, பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. கடன் பக்கமே இல்லாத பேரேட்டில் இதை எங்கே எழுதுவது? 256 படிகளையே இழுத்து நீட்டினாலோ படிக்குப் படி இடைவெளி பெருத்து, வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

2023 மே மாதம் 3.10 பதிப்பில் ஐபோனில் படங்களுக்கு மட்டும் வழி திறந்தது. பொத்தான், பின்னணி என்று நிரலில் எழுதும் நிறங்கள் பழையபடியே இருந்தன. 2024 டிசம்பரில் வந்த 3.27ல்தான் நிறம் முழு எண்ணிலிருந்து தசம எண்ணுக்கு மாறியது.

சும்மா மாறவில்லை. உலகம் முழுக்க எழுதிக் குவித்த நிரல்களில் எச்சரிக்கைகள் வரிசை கட்டின. எல்லோரும் பழகியிருந்த 'வித்ஒபாசிட்டி'க்கு ஓய்வு, இனி 'வித்வேல்யூஸ்'. வீண் தொல்லை என்று தோன்றலாம். ஆனால் பழைய முறையில் ஒருவர் 0.5 என்று எழுதினாலும் உள்ளே பதிவானது 128/255, அதாவது 0.50196. இத்தனை வருடமும் பாதி, பாதியாகவே இருந்ததில்லை.