வீதி யாருக்கு உரியது?

நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் கோட்டைகளையும் மாளிகைகளையும் பற்றி விரித்துரைப்பர். வீதிகளைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுவர். ஆயினும், ஒரு நகரம் தன் மக்களை எவ்வாறு மதித்தது என்பதை அறிய விரும்புவோர் அதன் வீதிகளையே நோக்குதல் வேண்டும். தென் அமெரிக்காவின் இரு நகரங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

பிறேசில் நாட்டின் தென்பகுதியில் உள்ள பரனா மாநிலத்தின் தலைநகர் குரிட்டிபா. 1960ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 3,60,000 மக்கள் வாழ்ந்தனர். பத்தே ஆண்டுகளில் அத்தொகை 6,00,000 ஆயிற்று. மோட்டார் வண்டிகளும் பெருகின. அக்காலத்தில் உலகின் பெருநகரங்கள் பலவும் கண்ட பரிகாரம், வீடுகளை இடித்து வீதிகளை அகலமாக்குவதே. குரிட்டிபா வேறு வழியை நாடியது.

1971இல் மாநகர முதல்வர் பதவியை ஏற்ற ஜைமி லேர்னர் ஒரு கட்டடக் கலைஞர். 1972ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நகரின் முதன்மைக் கடைவீதி வண்டிகளுக்கு அடைக்கப்பட்டது. பிறேசில் குடியரசான 1889 நவம்பர் 15ஆம் நாளின் பெயரைத் தாங்கிய வீதி அது. மூன்றே நாட்களில் கற்கள் பதிக்கப்பட்டன, பூச்செடிகள் நடப்பட்டன, விளக்குகள் நாட்டப்பட்டன. வியாபாரம் கெடும் என்று அஞ்சிய வர்த்தகர்கள் வெகுண்டனர். ஆனால், நடந்து செல்வோரே நின்று பொருள் வாங்குவோர் என்பதைக் கண்டபின், அவ்வேற்பாட்டை மேலும் நீட்டிக்குமாறு அவர்களே வேண்டினர். மோட்டார் வண்டிக்காரர் சிலர் வீதியை மீண்டும் கைப்பற்ற முனைந்தபோது, அங்கே விரித்த காகிதச் சுருள்களின்மீது சிறுவர்கள் அமர்ந்து சித்திரம் தீட்டிக்கொண்டிருந்தனர்.

1974இல் பஸ் வண்டிகளுக்கெனத் தனிப்பாதை திறக்கப்பட்டது. பெருவீதியின் நடுப்பகுதி பஸ் வண்டிகளுக்கே ஒதுக்கப்பட்டது. விரைந்து செல்லும் ஏனைய வண்டிகள் இருமருங்கிலும் உள்ள ஒருவழி வீதிகளுக்குத் திருப்பப்பட்டன. உயர்ந்த மாடிக் கட்டடங்கள் இப்பாதைகளின் ஓரமாகவே பெரிதும் எழச் சட்டம் வகுக்கப்பட்டது. 1991இல் குழாய் வடிவான தரிப்பு நிலையங்கள் அமைந்தன. பிரயாணிகள் முன்னதாகவே கட்டணம் செலுத்தி, படியேறாமல் பஸ்ஸின் தளத்திற்கு நேராக உட்புகுந்தனர். மறு ஆண்டில் 270 பேர் வரை ஏற்றிச்செல்லும் மூன்று பகுதி பஸ் வண்டிகள் ஓடின. சுரங்க ரயிலுக்காகும் செலவில் ஒரு சிறு பங்கைக் கொண்டே இவையெல்லாம் நிறைவேறின.

இங்கு ஓர் ஐயம் எழுகிறது. அந்நாளில் பிறேசிலில் நிலவியது இராணுவ ஆட்சி. லேர்னர் மக்களால் தெரிவு செய்யப்பட்டவரல்லர், நியமனம் பெற்றவர். அங்ஙனமாயின், ஆணையிடும் அதிகாரம் இருந்தாலன்றி இத்தகைய சீர்திருத்தம் கைகூடாதோ?

இவ்வினாவிற்குக் கொலம்பியாவின் தலைநகராகிய பொகோட்டா விடை கூறிற்று. அங்கு மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த என்றிக்கே பெனலோசா 1998 முதல் 2000 வரை மாநகர முதல்வராக இருந்தார். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு நாள் தனியார் மோட்டார் வண்டிகள் வீதிக்கு வருதல் தடுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த சர்வசன வாக்கெடுப்பில், அத்தகைய நாளை ஆண்டுதோறும் அனுட்டிக்க மக்கள் இசைந்தனர். டிசம்பரில் குரிட்டிபாவைப் பின்பற்றித் தனிப்பாதை பஸ் சேவையும் தொடங்கியது. அங்கே ஆணையால் ஆனது, இங்கே இசைவாலும் ஆயிற்று.

குறைகளும் உண்டு. பொகோட்டாவின் பஸ் வண்டிகளில் நெரிசல் மிகுந்து மக்கள் கிளர்ச்சி செய்ததுண்டு. குரிட்டிபாவில் மோட்டார் வண்டிகள் மீண்டும் பெருகி, பஸ் பிரயாணிகளின் தொகை குறைந்தது. ஒருமுறை அமைத்துவிட்டால் போதும் என்று இருத்தலாகாது என்பதையே இவை உணர்த்துகின்றன.

வீதி பொதுச்சொத்து. நூறு பேரைச் சுமக்கும் பஸ்ஸும், ஒருவரை மட்டும் சுமக்கும் மோட்டார் வண்டியும், கால்நடையாகச் செல்லும் முதியவரும் அதனை எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்பது பொறியியல் வினா மட்டுமன்று. நீதியைப் பற்றிய வினாவுமாகும். அதற்கு ஒவ்வொரு தலைமுறையும் தன் விடையைத் தானே கூறுதல் வேண்டும்.