நாய் அவருடையது, அள்ளுகிற கை யாருடையது?

கரையான்சாவடியில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே காலையில் தெருப் பெருக்குகிற அம்மா ஒருவர் எனக்குப் பழக்கம். அன்றைக்கு அவர் பெருக்கி முடித்த இடத்திலேயே ஒருத்தர் தன் நாயைக் கொண்டுவந்து நிறுத்தினார். உயர்சாதி நாய். (நாய்க்கும் சாதி வைத்த சமூகம் நம்முடையது.) அது இருந்து முடித்ததும், "ஏம்மா, இதையும் சேத்து எடுத்துடு" என்றார். அம்மா என் பக்கம் திரும்பினார். "நாய வளக்கிறது அவுரு, பீ அள்றது நானா தம்பி?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் நாய்ப்பீ பொறுக்குவது ஒரு பிழைப்பாகவே இருந்தது. ஹென்றி மேஹ்யூ லண்டன் ஏழைகளைப் பற்றி 1851இல் வெளியிட்ட நூலில் அவர்களைப் பதிவு செய்திருக்கிறார். தோலை மிருதுவாக்க நாய்ப்பீ தேவைப்பட்டதால் தோல் பதனிடும் ஆலைகள் வாளிக் கணக்கில் விலைக்கு வாங்கின. கிழவிகளும் வக்கற்றவர்களும் தெருத் தெருவாக அலைந்து பொறுக்கினார்கள். 1908 வாக்கில் ஜெர்மன் வேதியியலாளர் ஓட்டோ ரோம் கால்நடைக் கணையத்திலிருந்து எடுத்த நொதியைக் கொண்டுவந்த பிறகு அந்தத் தேவையும் ஒழிந்தது. அங்கே அவர்களை அந்த வேலைக்குத் தள்ளியது பசி. இங்கே பிறப்பு. பசி தீர்ந்தால் அவர்கள் வேறு வேலைக்குப் போகலாம். பிறப்பிலிருந்து எங்கே போவது?

நியூயார்க்கில் 1978 ஆகஸ்ட் 1 முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாயை அழைத்து வந்தவரே அள்ள வேண்டும். மீறினால் 100 டாலர் வரை அபராதம். நாய் வளர்ப்போர் எதிர்க்கத்தான் செய்தார்கள். ஆனாலும் கயிற்றைப் பிடித்திருக்கிற கையே குனிய வேண்டும் என்று அந்த ஊர் முடிவு செய்தது. வீட்டில் பாத்திரம் கழுவுகிறவரையோ, தெருக் கூட்டுகிறவரையோ அது கைகாட்டவில்லை.

நம் சட்டங்களைப் பாருங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதவில்லை என்று 2013இல் இன்னொன்று, அம்பேத்கர் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. இரண்டும் பேசுவது மனித மலத்தை மட்டும். நாய்ப்பீ அள்ளுகிறவர் அந்தச் சட்டக் கணக்கில் 'மலம் அள்ளுபவர்' இல்லை. அதே கை, அதே நாற்றம், பெரும்பாலும் அதே சாதி. ஆனால் சட்டத்துக்கு அது வெறும் குப்பை. மனித மலத்திலேயே, கருவியும் கையுறையும் கொடுத்துவிட்டால் அவர் 'கையால் அள்ளுபவர்' ஆகமாட்டார் என்று 2013 சட்டம் விளக்கம் வேறு வைத்திருக்கிறது. இந்த அம்மாவின் கையில் அன்று கையுறையும் இல்லை.

"சார், உங்க நாய், நீங்களே எடுங்க" என்றேன்.

"அதுக்குத்தானே வரி கட்றோம்?" என்றவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி எந்தத் தெரு?" என்றார். இந்தக் கேள்வி எதற்கு என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருப் பெயரைச் சொன்னேன். அதற்குமேல் அவர் பேசவில்லை, நாயை இழுத்துக்கொண்டு நடந்தார்.

அம்மா மண்ணை அள்ளித் தூவி, ஒரு அட்டைத் துண்டால் வழித்துக்கொண்டிருந்தார்.