நிறுத்தும் திறன்: கைத்துப்பாக்கித் தோட்டா ஒப்பீடுகளின் வரலாறு (1904 – 2016)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கப் படை 1904ஆம் ஆண்டு சிகாகோவில் நடத்திய தோட்டாச் சோதனை, .45 அங்குலக் கைத்துப்பாக்கியின் தோற்றத்திற்கு அடிப்படையாக அமைந்தது. அச்சோதனையின் அறிக்கை குண்டின் பருமன் பற்றி ஒன்றும், சுடுவோரின் பயிற்சி பற்றி ஒன்றுமாக இரு முடிவுகளைத் தந்தது. முதல் முடிவு ஆயுதக் கொள்கையாக உருப்பெற்றது. இரண்டாவது முடிவு பெரும்பாலும் பேசப்படாமற் போயிற்று. மயாமியில் 1986இல் நிகழ்ந்த மோதலுக்குப் பின்னும் இதே போக்கு மீண்டும் நிகழ்ந்ததை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. தோட்டா ஒப்பீடுகளின் முடிவை ஒப்பிடப்பட்ட பொருள்களைக் காட்டிலும் ஒப்பீட்டுக்குக் கொண்ட அளவுகோலே பெரிதும் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தோட்டா, கைத்துப்பாக்கி, நிறுத்தும் திறன், தாம்சன் – லகார்ட் சோதனை, மொரோ, காயவியல்

முன்னுரை

கைத்துப்பாக்கிக்குரிய தோட்டாக்களுள் எது சிறந்தது என்னும் வினா ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்கப் படைத்துறையிலும் காவல்துறையிலும் விவாதிக்கப்பட்டு வருகிறது. தோட்டா என்பது உலோகக் கூடு, எரியூட்டி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த தொகுப்பு. சுட்டபின் குழலிலிருந்து வெளியேறுவது குண்டு மட்டுமே. எதிரியை உடனடியாகச் செயலிழக்கச் செய்யும் ஆற்றல் இவ்விவாதங்களில் 'நிறுத்தும் திறன்' எனப்படுகிறது. இச்சொல் அளவிடத்தக்க ஒரு பண்பைக் குறிப்பது போலத் தோன்றினும், அதனை எவ்வாறு அளப்பது என்பதில் ஒருமித்த கருத்து எக்காலத்தும் இருந்ததில்லை. அவ்வாறிருக்க, அதன் அடிப்படையில் பெரும் கொள்கை முடிவுகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிலிப்பைன்ஸ் பின்புலம்

அமெரிக்கப் படை 1873 முதல் .45 கோல்ட் தோட்டாவைப் பயன்படுத்தும் சுழல்துப்பாக்கியைக் கொண்டிருந்தது. 1892இல் அதனைக் கைவிட்டு .38 லாங் கோல்ட் தோட்டாவுக்குரிய புதிய சுழல்துப்பாக்கியை ஏற்றது. புதிய தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 9.7 கிராம் எடையும் விநாடிக்கு 235 மீட்டர் அளவிலான வேகமும் உடையது. இலகுவானது, பின்னுதைப்புக் குறைந்தது என்பன அதன் சிறப்புகளாகக் கருதப்பட்டன.

1899இல் தொடங்கிய பிலிப்பைன்ஸ் போரும், அதனையடுத்து மிண்டனாவோ, சூலு பகுதிகளில் வாழ்ந்த மொரோ எனப்படும் இசுலாமிய மக்களை ஒடுக்க நடந்த போர்களும் இம்மதிப்பீட்டை மாற்றின. வாளேந்தி நெருங்கி வருவோர் பல குண்டுகள் பட்ட பின்னும் வீழாமல் தாக்குகின்றனர் எனப் படையினர் முறையிட்டனர். பழைய .45 சுழல்துப்பாக்கிகள் மீண்டும் வழங்கப்பட்டன. தம் நிலத்தில் அயலவர் ஆட்சியை எதிர்த்தவர்களின் துணிவு, படைத்துறை எழுத்துகளில் மதவெறியாகவும், தோட்டாவின் குறைபாடாகவும் பதிவாயிற்று. எதிர்ப்பின் காரணம் குறித்த வினா ஆயுதத்தின் தரம் குறித்த வினாவாக மாறியது இவ்விடத்தில் கருதத்தக்கது.

சிகாகோ சோதனையும் அதன் இரு முடிவுகளும்

இம்முறையீடுகளைத் தொடர்ந்து 1904இல் படைக்கலத் துறையைச் சேர்ந்த ஜான் தாம்சன், மருத்துவத் துறையைச் சேர்ந்த லூயி லகார்ட் ஆகிய இருவரிடமும் சோதனைப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. சிகாகோ நகரின் கால்நடை வளாகத்தில் உயிருள்ள மாடுகள் மீதும், தனியே மனித உடலங்கள் மீதும் சுட்டு அவர்கள் சோதித்தனர். 7.65 மி.மீ. மற்றும் 9 மி.மீ. பாராபெல்லம், .38 லாங் கோல்ட், .38 ஏசிபி, .45 கோல்ட், .455 வெப்லி, .476 எலி ஆகிய தோட்டாக்கள் சோதனைக்கு உட்பட்டன.

இச்சோதனை முறையின் குறைகள் வெளிப்படையானவை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் மிகச் சில விலங்குகளே பயன்படுத்தப்பட்டன. சுடப்பட்ட இடம், சுட்ட எண்ணிக்கை, குண்டுகளுக்கிடையே விடப்பட்ட நேரம் ஆகியன சீராக இல்லை. உடலங்களைத் தொங்கவிட்டுச் சுட்டபோது அவை அசைந்த அளவை நோக்கி அதிர்ச்சியின் வலிமையை மதிப்பிட்டனர். உயிரற்ற உடலின் ஊசலாட்டத்திற்கும் உயிருள்ள மனிதன் செயலிழப்பதற்கும் தொடர்புண்டு என்பது நிறுவப்படாத ஓர் எடுகோளாகும்.

சோதனையாளர்களின் முதல் முடிவு, படைக்குரிய கைத்துப்பாக்கிக் குண்டு .45 அங்குலத்திற்குக் குறையாத விட்டம் உடையதாக இருத்தல் வேண்டும் என்பதாகும். இரண்டாவது முடிவு பெரிதும் வேறுபட்டது. உடலின் பெரும்பகுதியில் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டு பட்டாலும் எதிரி உடனே நின்றுவிடுவான் என எதிர்பார்க்க இயலாது. ஆகவே படைவீரர்க்குக் குறிபார்த்துச் சுடும் பயிற்சி இடைவிடாது அளிக்கப்பட வேண்டும் என அறிக்கை கூறியது. இரண்டாவது முடிவு முதல் முடிவின் பயனை வரையறைக்கு உட்படுத்துகிறது. எனினும் முதல் முடிவின் வழி ஜான் பிரௌனிங் வடிவமைத்த .45 ஏசிபி தோட்டாவும் அதற்குரிய துப்பாக்கியும் உருவாகி, 1911 மார்ச் 29 அன்று படையால் ஏற்கப்பட்டன. பின்னாளைய விவாதங்களில் இச்சோதனையின் பெயரால் எடுத்தாளப்படுவது பெரும்பாலும் விட்டம் பற்றிய முடிவேயாகும்.

காலவரிசையும் வழக்குக் கதையும்

.45 ஏசிபி மொரோ வீரர்களைத் தடுத்து நிறுத்தியது என்பது பரவலான வழக்குக் கதை. காலவரிசை இதற்கு இடந்தருவது அரிது. முறையீடுகள் எழுந்த காலத்தில் அத்தோட்டா உருவாகவே இல்லை. அக்காலத்தில் மீண்டும் வழங்கப்பட்டவை.45 கோல்ட் தோட்டாவுக்குரிய சுழல்துப்பாக்கிகள். 1911 மாதிரித் துப்பாக்கி படைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1913இல் நிகழ்ந்த பட் பக்சாக் போரோடு மொரோ எதிர்ப்பின் பெரும் மோதல்கள் முடிவுக்கு வந்தன.

அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் அந்தோனியோ காஸ்பி நிகழ்வும் இவ்வாறே ஆராயத்தக்கது. சிறையினின்று தப்ப முயன்ற அவர் .38 சுழல்துப்பாக்கியால் அருகிலிருந்து நான்கு முறை சுடப்பட்டும் வீழாமல், இறுதியில் துப்பாக்கிக் கட்டையின் அடியால் மயங்கி விழுந்தார். பின்னர் உயிர் பிழைத்தார். லகார்ட் தம் நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். ஆனால் இந்நிகழ்வு நடந்தது 1905இல், அதாவது சோதனைக்கு அடுத்த ஆண்டு. நடந்த இடம் மொரோ மக்களின் பகுதியன்று, விசயாஸ் பகுதியைச் சேர்ந்த சமர் தீவு. சோதனைக்குப் பிற்பட்ட ஒரு நிகழ்வு, சோதனைக்கு வித்திட்ட காரணம் போலப் பிற்காலத்தில் எடுத்துரைக்கப்பட்டிருக்கிறது.

அளவுகோலும் முடிவும்

ஜூலியன் ஹாட்சர் 1935இல் வெளியிட்ட நூலில் நிறுத்தும் திறனை எண்ணால் குறிக்கும் வாய்பாடு ஒன்றைத் தந்தார். குண்டின் உந்தம், குறுக்குவெட்டுப் பரப்பு, வடிவக் காரணி ஆகியவற்றின் பெருக்கற்பலனே அது. சிகாகோ சோதனையின் முடிவுகளுக்கு ஒத்துவருமாறு அமைந்த இவ்வாய்பாடு, அம்முடிவுகளுக்குச் சான்றாகவும் பின்னர் காட்டப்பட்டது. இது வட்டத் தருக்கமாகும்.

அளவுகோல் மாறினால் முடிவு எவ்வாறு மாறும் என்பதை எளிய கணக்கால் காணலாம். .45 ஏசிபி குண்டு 14.9 கிராம் எடையுடன் விநாடிக்கு 253 மீட்டர் வேகத்தில் செல்வதாகவும், 9 மி.மீ. குண்டு 8 கிராம் எடையுடன் விநாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் செல்வதாகவும் கொள்வோம். இயக்க ஆற்றலை அளவாகக் கொண்டால் முன்னது ஏறத்தாழ 477 ஜூல், பின்னது 490 ஜூல். இரண்டும் ஏறக்குறைய சமம். உந்தத்தை அளவாகக் கொண்டால் .45 மூன்றிலொரு பங்கு மிகுதி பெறுகிறது. குறுக்குவெட்டுப் பரப்பையும் சேர்த்துப் பெருக்கினால் அது 9 மி.மீ. குண்டைப் போல் இரு மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. மேலும் .45 குண்டின் முழு உந்தமும் 75 கிலோகிராம் எடையுள்ள ஒருவர்க்கு மாற்றப்பட்டாலும், அவர் பெறும் வேகம் விநாடிக்கு 5 சென்டிமீட்டர் மட்டுமே. ஆளைத் தூக்கியெறியும் குண்டு என்னும் கருத்துக்கு இயற்பியல் ஆதரவு தரவில்லை.

இதே காலகட்டத்தில் பிரித்தானியப் படை எதிர்த்திசையில் சென்றது. முதல் உலகப் போரின் பட்டறிவுக்குப் பின் அது கனத்த .455 தோட்டாவை விடுத்து, 13 கிராம் குண்டுடைய .38 தோட்டாவைத் தெரிவு செய்தது. போர்க்காலத்தில் குறுகிய பயிற்சியே பெறும் வீரரும் கையாளத்தக்கதாக ஆயுதம் இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. பயிற்சியையும் அளவுகோலில் சேர்த்தபோது முடிவு மாறியது.

மயாமியும் அதன் பின்னும்

1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் கூட்டாட்சிப் புலனாய்வுப் பணியகத்தார் எண்மர்க்கும் கொள்ளையர் இருவர்க்கும் நிகழ்ந்த மோதலில் பணியகத்தார் இருவர் இறந்தனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையருள் ஒருவர் மீது தொடக்கத்திலேயே பட்ட 9 மி.மீ. குண்டு ஒன்று கையைத் துளைத்து மார்பினுள் புகுந்து, இதயத்தை எட்டுமுன் ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளியில் நின்றுவிட்டது. அவர் தொடர்ந்து சுட்டார். அவர் கையில் இருந்தது நீள்துப்பாக்கி. பணியகத்தாரிடம் இருந்தவை பெரும்பாலும் கைத்துப்பாக்கிகள். ஆயினும் தோல்விக்குரிய முதன்மைக் காரணமாகப் பணியகம் சுட்டியது அந்த ஒரு குண்டையே.

இதன் விளைவாக மேலான ஒரு சோதனை முறை உருவாயிற்று. தசையை ஒத்த ஊன்பசைப் பாளத்தில் குண்டு குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்பது அதன் அளவை. பணியகத்தின் 1989ஆம் ஆண்டு அறிக்கை, நரம்பு மண்டலத்தின் மையம் தாக்கப்பட்டால் அன்றி உடனடிச் செயலிழப்பு உறுதியன்று என்றும், இதயம் சிதைந்த பின்னும் மூளையில் எஞ்சிய உயிர்வளியைக் கொண்டு 10 முதல் 15 விநாடிகள் வரை ஒருவர் செயற்பட இயலும் என்றும் விளக்கியது. 1904ஆம் ஆண்டின் இரண்டாவது முடிவு இங்கு உடலியல் விளக்கத்துடன் மீண்டும் எழுந்தது.

எனினும் கொள்கை முதலில் தோட்டாவையே மாற்றியது. பணியகம் 10 மி.மீ. தோட்டாவை ஏற்றது, அதன் பின்னுதைப்பு மிகுதியாக இருந்தமையால் வலுக்குறைத்த வடிவம் பயன்படுத்தப்பட்டது. அவ்வலுவைச் சிறிய கூட்டில் அடக்கி 1990இல் .40 எஸ் அண்ட் டபிள்யூ வெளிவந்தது. பின்னர் 2014இல் பணியகத்தின் பயிற்சிப் பிரிவு, புதிய 9 மி.மீ. விரிவுக் குண்டுகள் ஏனையவற்றுக்கு ஈடானவை என்றும், பின்னுதைப்புக் குறைவதால் சுடுவோர் விரைந்தும் துல்லியமாகவும் சுடுகின்றனர் என்றும் கூறியது. 2016இல் பணியகம் 9 மி.மீ. துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின் விட்ட இடத்திற்கே அது திரும்பியது.

இதனைக் கொண்டு 1904ஆம் ஆண்டின் முதல் முடிவு முற்றிலும் தவறு எனல் பொருந்தாது. உடலினுள் விரியும் குண்டுகளைப் போரில் விலக்கும் 1899ஆம் ஆண்டின் ஹேக் அறிவிப்பில் அமெரிக்கா கையொப்பமிடவில்லை எனினும், அதன் படை நெடுங்காலம் முழு உறையிட்ட குண்டுகளையே வழங்கி வந்தது. விரியாத குண்டில் காயத்தின் அகலம் விட்டத்தைப் பொறுத்தது. காவல்துறைக் குண்டுக்குரிய முடிவைப் படைக்குரிய குண்டுக்கு அப்படியே பொருத்துவதும் அளவுகோற் பிழையே ஆகும்.

முடிவுரை

1904, 1989 ஆகிய இரு அறிக்கைகளும் கைத்துப்பாக்கிக் குண்டின் எல்லையை நேர்மையாகவே பதிவு செய்தன. குண்டு சென்று தாக்கும் இடமே விளைவைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பதில் அவை உடன்படுகின்றன. ஆயினும் நிறுவனங்கள் முதலில் கைக்கொண்டது தோட்டா மாற்றத்தையே. தோட்டாவை ஓர் ஆணையால் மாற்றிவிடலாம். பயிற்சிக்கு ஆண்டுதோறும் பொருளும் காலமும் வேண்டும். மோதலின் திட்டமிடலை ஆராய்வதோ பொறுப்பு யாருடையது என்னும் வினாவை எழுப்பும். பிலிப்பைன்ஸிலும் மயாமியிலும் இவ்வினாவைத் தோட்டா தன்மேல் ஏற்றுக்கொண்டது. தோட்டாக்களின் தரவரிசையைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அத்தரவரிசை எந்த அளவுகோலால், எந்த நிகழ்வுக்குப் பின், யாருடைய தேவைக்காக உருவானது என்பதை முதலில் வினவுதல் வேண்டும்.