அதென்ஸ் நாடக மேடையில் மகளிர் ஆட்சி

குடியாட்சியின் தாயகமெனப் போற்றப்படும் அதென்ஸ் நகரிற் பெண்களுக்கு வாக்குரிமை இருந்ததில்லை. பேரவையிற் பேசுதலும் நீதிமன்றில் நடுவராய் அமர்தலும் ஆடவர்க்கே உரியன. அத்தகைய நகரிலேதான், கி. மு. 411இல், பெண்கள் ஒன்றுகூடிப் போரை நிறுத்துவதாக அரிஸ்தோபனீஸ் ஒரு நகை நாடகத்தை அரங்கேற்றினார். லிசிஸ்திராத்தா என்னும் அதன் பெயருக்குப் 'படையைக் கலைப்பவள்' என்பது பொருள்.

அக்காலநிலையை நாம் நோக்குதல் வேண்டும். ஸ்பார்த்தாவுடன் 431இல் மூண்ட போர் ஓய்ந்தபாடில்லை. சிசிலிக்குச் சென்ற பெரும்படையோ 413இல் அழிந்தொழிந்தது. நாடகத்து மகளிர் இரண்டு செயல்களை மேற்கொள்கின்றனர். போர் ஓயும்வரை கணவரோடு கூடுவதில்லை எனச் சூளுரைப்பது ஒன்று. அக்குரோப்பொலிஸ் குன்றிலுள்ள திறைசேரியைக் கைப்பற்றுவது மற்றொன்று. முன்னதையே உலகம் நினைவிற் கொண்டுள்ளது. எனக்கோ பின்னதே பெரிதாகத் தோன்றுகிறது. பணமின்றேற் கப்பலில்லை, கப்பலின்றேல் அதென்சுக்குப் போருமில்லை.

நிதியெடுக்க வந்த அதிகாரி, சிசிலித் தோல்வியின்பின் நியமிக்கப்பெற்ற பதின்மருள் ஒருவன். பேரவையில் யாது தீர்மானித்தீர்கள் என மனைவியர் வினவியபோதெல்லாம் வாய்மூடுமாறு கணவர் பணித்ததை லிசிஸ்திராத்தா அவனுக்கு எடுத்துரைக்கிறாள். பின் அவன் தலையிலேயே முக்காட்டை இட்டு, கம்பளிக் கூடையைக் கையிற் கொடுத்து, வாய்மூடச் சொல்கின்றனர்! நாட்டை நீவிர் எவ்வாறு சீர்செய்வீர் என்பதற்கும் அக்கூடையே விடையாகிறது. கம்பளியைக் கழுவி, முள்ளகற்றி, சிக்கெடுத்து, ஒரே கூடையிற் சேர்த்து, மக்களனைவர்க்கும் ஓர் ஆடை நெய்வதுபோல என்கிறாள். நகரில் வதியும் அந்நியரையும் அக்கூடையிற் சேர்த்துக்கொள்கிறாள். இஃது ஆடவர் பேரவைக்குத் தோன்றாத தாராளம்.

இதனால் அரிஸ்தோபனீசைப் பெண்ணுரிமைவாதியெனக் கொள்ளுதல் பிழையாகும். பெண்கள் மதுப்பிரியர், உறுதியற்றவர் என்னும் பழைய ஏளனங்கள் இந்நாடகத்திலும் மலிந்துள்ளன. நம் கூத்துக்களிற் போலவே அங்கும் பெண்வேடம் தாங்கியோர் ஆடவரே. எனினும், நகைப்புக்காக ஆயினும், வாயில்லாதார்க்கு வாயளிக்கப் புகுந்த புலவன் அவ்வாயில் உண்மையையும் வைக்கவேண்டியவனானான்.

அதே ஆண்டில், நாடகம் நடந்து சில திங்களுள், குடியாட்சி உண்மையாகவே கவிழ்ந்தது. கவிழ்த்தோர் மகளிரல்லர், நானூற்றுவர் எனப்பட்ட ஆடவர். ஏறத்தாழ இருபது ஆண்டின்பின் அரிஸ்தோபனீஸ் மீண்டும் இப்பொருளை எடுத்தார். அந்நாடகத்திற் பிராக்சகோரா என்பாளும் தோழியரும் பொய்த்தாடி கட்டிப் பேரவையுட் புகுந்து, ஆட்சியைப் பெண்களிடம் ஒப்படைக்க வாக்களிக்கின்றனர். தீர்மானம் நிறைவேறியதற்குக் கூறப்படும் காரணம் ஒன்றே: அதென்ஸ் நகர் அதுவரை செய்துபாராதது அஃதொன்றுதானாம்.